செவ்வாய்க்கிழமை அளந்த வேகம்

கவின், மதி, கொழும்பில் இருந்த நாட்களில் தினமும் போனில் "இங்க எல்லாம் நல்லா இருக்கு, வேலை ஜோரா போகுது" என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா? அதில் சாப்பாடு நன்றாக இருந்தது மட்டும்தான் நிஜம். உங்களுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அதனால் மற்றதை மறைத்துவிட்டேன். இப்போது நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு அம்மாவிடமும் கொடுங்கள். அவளிடமும் அதே பொய்யைத்தான் சொல்லியிருந்தேன்.

முதலில் எதற்காகப் போனேன் என்று சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன வார்ப்புப் பட்டறை இருக்கிறது. பழைய அலுமினியத்தை உருக்கி, மீன்பிடி வள்ளங்களுக்கு வேண்டிய கொக்கி, எஞ்சின் மூடி எல்லாம் வார்க்கிறார்கள். உருகிய உலோகம் ஒரு திறந்த வாய்க்கால் வழியாக ஓடி அச்சுப் பெட்டியில் விழும். போகிற வழியிலேயே ஆறிவிடுகிறது என்று அடுப்பைத் தேவைக்கு மேல் சூடாக்கி வைப்பார்கள். அந்த வாய்க்காலை எடுத்துவிட்டு ஒரு பீங்கான் குழாயை வைத்து, அதைச் சுற்றிச் செப்புச் சுருள் போட்டு, ஓடுகிற உலோகத்தை ஓடும்போதே சூடாக்கிக் கொடுப்பதுதான் எங்கள் கம்பெனி எடுத்த வேலை.

நம் வீட்டு இண்டக்சன் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் தீ இல்லை, பாத்திரம் தானாகவே சூடாகிறது. இதுவும் அப்படித்தான். சுருள் உலோகத்தைத் தொடவே தொடாது. ஆனால் உலோகத்துக்குள்ளே மின்சாரம் சுழன்று அதைச் சூடாக்கும். சுருளும் சூடாகிவிடும் என்பதால் அதனுள்ளே எப்போதும் தண்ணீர் ஓடும். இதை மட்டும் மறக்காதீர்கள். உருகிய அலுமினியமும் தண்ணீரும் சந்தித்தால் வெடிக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு விரல் தடிமனுள்ள பீங்கான்.

எந்த இடத்தில் எவ்வளவு சூடு ஏறும் என்று கையை விட்டுப் பார்க்க முடியாது. அதற்குத்தான் எங்கள் ஆபீசில் நித்யா மேடம் இருக்கிறார். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு குழாயைக் கட்டி, அதில் உலோகத்தை ஓடவிட்டு, சுருளுக்குக் கரண்ட் கொடுத்துப் பார்ப்பார். திரையில் நீலம், மஞ்சள், சிவப்பு என்று சூடு தெரியும். நடுவில் நீலம், சுவர் ஓரத்தில் சிவப்பு. உலோகம் ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஓரத்துச் சிவப்பு வால் போல நீண்டு முன்னே போய்விடும். அதனால் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்ற எண்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அந்த எண்ணைக் கொடுத்தவன் நான். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரே ஒரு நாள் வேலைக்குக் கொழும்பு போய் வந்தேனே, அப்போது அளந்து கொடுத்தது.

இந்த முறை செவ்வாய் மாலை போய்ச் சேர்ந்தேன். வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒரு சந்தில் மாடி அறை. கடலுக்கும் அறைக்கும் நடுவில் ரயில் ஓடுகிறது. முதல் ரயில் போனபோது ஜன்னல், கட்டில், தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் ஆடின. பூகம்பமோ என்று எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன். கீழே கதவோரம் நின்றிருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "ரயில்தான் தம்பி. நாலு நாளில பழகிடும். பழகேக்க நீங்க போயிடுவீங்க" என்றார்.

சாப்பாட்டுக்கடையில் இடியப்பம் வாங்கி, சாம்பார் கேட்டேன். பரிமாறியவர் என்னை இரக்கமாகப் பார்த்தார். "சொதி இருக்கு, சம்பல் இருக்கு. சாம்பார் தோசைக்குத்தான்." சொதி என்பது தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்ட லேசான குழம்பு. நம் வீட்டில் ரசத்துக்கு இருக்கிற மரியாதை அங்கே அதற்கு. மதி, உனக்குப் பிடிக்கும். கவின், சம்பல் மிளகாய் போட்டு இடித்த தேங்காய், அது உனக்கு வேண்டாம், கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

புதன்கிழமை காலையில் ஒரு தப்பு செய்தேன். நிறுத்தத்தில் இரண்டு பஸ் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. முன்னால் நின்றதில் ஏறச்சொல்லித்தான் ஒருவர் கை காட்டினார். பின்னால் வந்ததில் உட்கார இடம் இருந்தது. நான் இடத்தைப் பார்த்து ஏறிவிட்டேன். போனில் நித்யா மேடம் அனுப்பிய படங்களைப் பார்த்துக்கொண்டே போனவன், தலை நிமிர்ந்தபோது ஒரு பெரிய சந்தி. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பொரளை என்றார் கண்டக்டர். கொட்டாஞ்சேனை எங்கே என்று கேட்டதற்குச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பஸ்ஸே சிரித்தது. ஒரு பெண் மொழிபெயர்த்தாள்: "நேற்றே இறங்கியிருக்க வேணுமாம்."

ஆட்டோ பிடித்தேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். அண்ணனைச் சிங்களத்தில் அய்யே என்பார்கள். அரைகுறைத் தமிழில், "அய்யே, நகம் கடிக்க வேணாம். மீட்டர் சரி. பாருங்க, சரிதானே?" என்றார். மீட்டருக்காக இல்லை, வேலைக்கு நேரமாகிவிட்டது என்றேன். அவர் நம்பவில்லை. இறங்கும் வரை மீட்டரைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

அன்று மட்டும் நான் நேரத்துக்குப் போயிருந்தால், எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு எனக்குத் தேநீர் கொடுத்துக் கதை பேசியிருப்பார்கள். குழாயை மாட்டுகிற வேலையில் நானும் இறங்கியிருப்பேன். பிந்திப் போனதால், அவர்கள் பழைய வாய்க்காலில் ஊற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே நுழைந்தேன்.

உலோகம் நிறைந்த பெரிய கரண்டியைச் சாய்த்து ஊற்றுபவர் ஜெரோம். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். கழுத்தில் ஒரு துண்டு, காலில் ரப்பர் செருப்பு. அவர் என்னை அண்ணன் என்பார், நான் அவரை அண்ணா என்பேன். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஆறு பெட்டி ஊற்றிவிட்டுக் கரண்டியை நிமிர்த்தினார். ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, இனிப்பான சீனிச் சம்பல் வைத்த பணிஸ், நம் ஊர் பன்தான், ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"ஏன் அண்ணா நிறுத்திட்டீங்க?"

"பெட்டி வரோணுமே அண்ணன். பின்னால இருந்து தூக்கிட்டு வாறாங்க. வந்தாத்தானே ஊத்தலாம்."

"போன தடவை நான் வந்தப்ப நிறுத்தவே இல்லையே?"

அவர் மென்றுகொண்டே யோசித்தார். "நீங்க வந்தது செவ்வாய்க்கிழமை எல்லோ? செவ்வாய்க்கிழமை நாங்க நிப்பாட்ட மாட்டம். திங்கக்கிழமை பின்னேரமே பெட்டி முழுக்க வரிசையா அடுக்கி வச்சிருவம். ஒரே மூச்சில ஊத்தி முடிச்சிட்டு, பத்து மணிக்குக் கொச்சிக்கடைக்குப் போவம், அந்தோனியாரிட்ட. எல்லாரும்தான். முதலாளி சைவ சமயம், அவரும் வருவார். மெழுகுதிரி அவர்ர செலவு."

நித்யா மேடம் கொடுத்த படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: ஓட்டம் தொடர்ச்சியானதா, விட்டுவிட்டா? தொடர்ச்சி என்று நான்தான் குறி போட்டேன். கண்ணால் பார்த்துத்தான் போட்டேன். ஆனால் வாரத்தில் ஒரே ஒரு நாளின் வேலையைப் பார்த்துப் போட்டேன்.

புதுக் குழாயின் முனை சற்று மேலே தூக்கியிருக்கும். அதனால் ஊற்றுவதை நிறுத்தினாலும் குழாய் காலியாகாது, உலோகம் உள்ளேயே நிற்கும். சுருளில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். ஓரத்துச் சிவப்புக்குப் போக வழி இருக்காது. ஜெரோம் பணிஸ் சாப்பிட உட்கார்ந்த வாளிக்கும் குழாய் வரப்போகிற இடத்துக்கும் நடுவில் என் இரண்டு கையை நீட்டினால் எட்டும் தூரம்தான்.

முதலாளி சிவநேசன் ஐயாவும் வெள்ளவத்தையில்தான் இருக்கிறார். அறுபது வயதிருக்கும், யாழ்ப்பாணத்துக்காரர். மதியம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, வெள்ளிக்கிழமை வள்ளம் கட்டுற ஆக்கள் பாக்க வருகினம். சொல்லியாச்சு. அண்டைக்கு நாங்கள் செவ்வாய்க்கிழமை மாதிரி நிப்பாட்டாமல் ஊத்துவம். பிரச்சினை இல்லைத்தானே? நீங்கள் ஊருக்குப் போய் ஆறுதலாக் கணக்குப் பாருங்கோ."

"சனிக்கிழமைங்க ஐயா?"

"சனிக்கிழமை அரைநாள்தானே" என்றார்.

சிரிக்கலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

மீதி நாள் முழுக்க ஜெரோம் பக்கத்தில் நின்று, அவர் கரண்டியை நிமிர்த்தும்போதெல்லாம் போனில் நேரம் பார்த்துக் குறித்தேன். மிகக் குறைந்தது நாற்பது வினாடி. நீளமானது ஏழு நிமிடம், அது தேநீர். "என்ன அண்ணன், நான் எத்தின வாய் குடிக்கிறன் எண்டும் எழுதுறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

சாயந்திரம் வெள்ளவத்தையில் கடலோரத் தண்டவாளத்தின் பக்கம் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் நீங்கள் கூப்பிட்டீர்கள். கடல் என்ன கலர் என்று மதி கேட்டாள். எல்லாம் நல்லா இருக்கு என்று சொன்னேன். போனை வைத்தபிறகு அரைமணி நேரம் நித்யா மேடத்தின் பெயரைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். வெள்ளிக்கிழமை நன்றாகத்தான் நடக்கும். நான் சனிக்கிழமை வீட்டில் இருப்பேன். ஐ.டி.ஐ. படித்தவனை வெளிநாட்டுக்கு அனுப்பி அளக்கச் சொல்லும் கம்பெனி எத்தனை? ஒரு எண்ணைக்கூட ஒழுங்காகக் கொண்டுவரத் தெரியாதவன் என்று ஆகிவிட்டால் அடுத்த முறை யார் அனுப்புவார்கள்? இப்படியெல்லாம் ஓடியது. ரப்பர் செருப்புப் போட்ட அந்தக் காலும் நடுவில் நடுவில் வந்தது.

கூப்பிட்டேன்.

"அண்ணா, தொடர்ச்சின்னுதானே டிக் போட்டிருந்தீங்க?"

"ஆமாங்க மேடம். தப்பு என்னோடதுதானுங்க."

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. பிறகு, "நிறுத்தற நேரத்தையெல்லாம் அனுப்புங்க. சராசரி வேண்டாம். ஒவ்வொண்ணும் வேணும். சராசரி போட்டா நிறுத்தறதே மறைஞ்சிரும்" என்றார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

வியாழன் காலையில் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்ததுமே அவர் போன் வந்தது. கம்ப்யூட்டர் குழாயில் உலோகத்தை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்.

"சாதாரணமா பெட்டிக்கு நிக்கற நேரத்துக்கே சுவர் ஓரம் லிமிட்டைத் தாண்டிடுதுண்ணா. சுருளோட காந்தத் தள்ளல்ல உள்ள இருக்கற உலோகம் தானா கொஞ்சம் கலங்கும், அது காப்பாத்திடும்னு நெனச்சேன். கலங்குது. ஆனா பத்தல. தேநீருக்குன்னு நின்னா பீங்கான் தாங்காது."

"கரண்ட்டை நிறுத்திட்டா?"

"உறைஞ்சிரும். ஆனா அதுக்கு இன்னும் நேரம் ஆகும். பெட்டிக்கு நிக்கற வரைக்கும் கரண்ட்டை நிறுத்தினா தாங்குது, ரெண்டு மாதிரியும் போட்டுப் பாத்துட்டேன். தேநீருக்குக் குழாயைக் காலி பண்ணிடணும். அப்புறம் அண்ணா, இதையெல்லாம் ரிப்போர்ட்ல எழுதணும். யார் அளந்ததுன்னும் எழுத வேண்டியிருக்கும்."

"எழுதுங்க மேடம்."

படத்தையும் அனுப்பினார், ஓடுகிற படம். சிவநேசன் ஐயாவின் மேசையில் போனை வைத்துக் காட்டினேன். முதலில் சிவப்பு வால் நீட்டிக்கொண்டு ஓடியது. ஓட்டம் நின்றதும் வால் சுருங்கிப் பின்னால் வந்து சுவரோடு வளையமாக ஒட்டிக்கொண்டது. வளையம் தடித்தது. பிறகு ஓரத்தில் சிவப்பையும் தாண்டி வெள்ளையாகிவிட்டது. இரண்டாம் முறையும் போடச் சொல்லிப் பார்த்தார்.

"இதில ஜெரோம் எங்க நிக்கிறான்?" என்று கேட்டார்.

கம்ப்யூட்டரில் குழாய் மட்டும்தான் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். நான் போனுக்கு வெளியே, மேசை மேல், நாலு விரல் தள்ளி என் கட்டைவிரலை வைத்தேன்.

அவர் விரலையே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை நிப்பாட்டாமல் ஊத்துற கதையை விடுங்கோ. என்ன வேணும், சொல்லுங்கோ" என்றார்.

கரண்டி நிமிர்ந்தால் தானாகக் கரண்ட் நிற்க வேண்டும், சாய்ந்தால் வர வேண்டும். அதற்கு, கரண்டி நிமிர்ந்து வந்து முட்டினால் அணைகிற ஒரு லிமிட் சுவிட்ச் போதும். ஜெரோமும் நானும் புறக்கோட்டைக்குப் போய், நடக்க இடமில்லாத ஒரு தெருவில் எட்டுக் கடை ஏறி இறங்கினோம். நம் ஊரில் இதே சாமானுக்குக் கடைக்காரர் பெட்டியைத் தூக்கி முன்னால் போட்டுவிடுவார். அங்கே ஒவ்வொரு கடையிலும் முதலில் நலம் விசாரித்தார்கள். ஜெரோம் சிங்களத்தில் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு கதை பேசினார். ஒன்பதாவது கடையில் கிடைத்தது. வழியில் தேநீர் விஷயத்தைச் சொன்னேன்.

"தேத்தண்ணி குடிக்கவும் கம்ப்யூட்டரிட்டப் பெர்மிஷன் கேக்கணுமா அண்ணன்?"

"குழாயைக் காலி பண்ணிட்டுக் குடிங்க. அவ்வளவுதான்."

"அப்ப கம்ப்யூட்டர் நல்ல மனுசன்" என்றார்.

அன்று மாலைக்குள் குழாய், சுருள், சுவிட்ச் எல்லாம் மாட்டிவிட்டோம். எங்கள் எம்.டி. கூப்பிட்டார். "கேள்விப்பட்டேன். முடிச்சிட்டு வாங்க, வந்து பேசிக்கலாம்" என்றார். அந்த 'வந்து பேசிக்கலாம்' என்பதை எந்தக் குரலில் சொன்னார் என்று திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை வள்ளம் கட்டுகிறவர்கள் மூன்று பேர் வந்தார்கள். அவர்களைத் தள்ளி, சுவரோரமாக நிற்கவைத்தேன். ஜெரோமை அப்படித் தள்ளி நிறுத்த முடியாது. ஊற்றுகிறவர் ஊற்றுகிற இடத்தில்தான் நிற்க வேண்டும். சிவநேசன் ஐயா எங்கிருந்தோ ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி வந்திருந்தார். அது ஜெரோமுக்கு ஒரு அளவு பெரிது. "பாதிரியார்ர சப்பாத்து மாதிரி இருக்கு" என்று நடந்து காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

கரண்டி சாய்ந்தது. சுருள் மெல்ல ரீங்கரித்தது. உலோகம் குழாய்க்குள் போய் அந்த முனையில் பளபளவென்று வந்து விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று பெட்டி. ஆறாவது முடிந்ததும் ஜெரோம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையசைத்தேன். செவ்வாய்க்கிழமை மாதிரி இல்லை, புதன்கிழமை மாதிரி ஊற்ற வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். அவர் கரண்டியை நிமிர்த்தினார். 'டக்'. ரீங்காரம் நின்றது.

குழாய்ச் சுவர் ஓரத்துச் சூட்டைக் காட்டும் மீட்டரைப் பார்த்தேன். நின்ற பிறகும் அது ஏறியது. நாலு டிகிரி, ஐந்து, ஆறு. சுவரில் ஏற்கனவே இருந்த சூடு வந்து சேர நேரமாகும், கொஞ்சம் ஏறித்தான் நிற்கும் என்று நித்யா மேடம் சொல்லியிருந்தார். சொன்னது ஞாபகம் இருந்தும் என் கால் வாசல் பக்கம் ஒரு அடி நகர்ந்தது. பிறகு ஜெரோம் அங்கேயே நிற்பதைப் பார்த்து அந்த அடியைத் திரும்ப எடுத்து வைத்தேன். எட்டில் எண் நின்றது. பிறகு ஒவ்வொன்றாக இறங்கியது.

அடுத்த வரிசைப் பெட்டிகள் வந்தன. கரண்டி சாய்ந்தது, ரீங்காரம் வந்தது. இப்படி நாலு முறை. குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் வந்த முதல் வார்ப்பு கொஞ்சம் ஆறிப்போய், ஓரம் நிறையாமல் வந்தது. வந்தவர்களில் ஒருவர் சரியாக அதைத்தான் கையில் எடுத்தார். விளிம்பைத் தடவிப் பார்த்து, "இது என்ன, எலி கடிச்சதா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சிவநேசன் ஐயா முந்திக்கொண்டார். "ஒவ்வொரு வரிசையிலயும் முதலாவது பழுதாகும். திரும்ப உருக்குவம். அதை நாங்கள் தெரிஞ்சுதான் விட்டிருக்கிறம்."

அந்த மனுசன் முணுமுணுத்துக்கொண்டே அதைக் கீழே போட்டார். வள்ளக்காரர்களின் ஆர்டர் பட்டறைக்குக் கிடைக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் வேலை என்ன ஆகும் என்றும், இதை எழுதுகிற இப்போது வரை, தெரியாது. திங்கட்கிழமை எம்.டி.யைப் பார்க்க வேண்டும்.

பகல் சாப்பாட்டுக்கு எல்லாரும் வெளியே போனார்கள். ஜெரோம் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, "வாங்க அண்ணன், மீன் கறி முடிஞ்சிரும்" என்று கூப்பிட்டார். ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

குழாயைக் காலி செய்திருந்தோம். மெயின் சுவிட்சும் அணைத்தாயிற்று. நான் ஜெரோம் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். அங்கே நின்று பார்த்தால்தான் குழாய் எவ்வளவு பக்கம் என்று தெரிகிறது. முழங்கால் உயரத்தில், நேர் எதிரே. வெறும் கரண்டியின் கைப்பிடியைப் பிடித்துச் சாய்த்தேன், நிமிர்த்தினேன். 'டக்'. மறுபடி சாய்த்து, நிமிர்த்தி, காதைச் சுவிட்ச் பக்கம் வைத்துக் கேட்டேன். வேகமாக நிமிர்த்தினேன். அவர் பேசிக்கொண்டே நிமிர்த்துவது போல அரைகுறையாகவும் நிமிர்த்தினேன். அரைகுறையாக நிமிர்த்தியபோது ஒரு முறை சத்தம் வரவில்லை.

ஸ்பேனரை எடுத்து, சுவிட்சை ஒரு நூல் அளவு கீழே இறக்கி முறுக்கினேன். பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. போகும்போது மீன் கறி முடிந்துபோயிருந்தது.